வாசல் நாற்காலியும் வேந்தன் கடனும்

2022 ஜூனில், படைக்கு நான்கு ஆண்டுக்கு ஆள் சேர்க்கும் அக்னிபாத் திட்டத்தை எதிர்த்து ரயில்கள் எரிந்த அதே வாரத்தில், வடக்கே ஒரு தலைவர், தம் கட்சி அலுவலகக் காவலுக்கு ஆள் எடுத்தால் அத்திட்டத்தில் பணி முடித்த அக்னிவீரருக்கே முன்னுரிமை என்றார். கண்டனங்கள் குவிந்தன. கண்டித்தவர்கள் தங்கள் தெரு ஏ.டி.எம். வாசலைப் பார்த்திருக்கிறார்களா? பிளாஸ்டிக் நாற்காலி, தொளதொளத்த சீருடை. ஷூவில் மட்டும் குறையாத பளபளப்பு. படையில் பதினைந்து ஆண்டுகள் என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர், இன்று வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

காவல் வேலை இழிவன்று. திறமை எதுவாயினும் அந்த ஒரே நாற்காலியைக் காட்டுவதே இழிவு. வீரருக்கு நாடு பட்ட கடன் மாலை மரியாதையில் தீராது. தகுந்த வேலையில் அவர் அமரும்வரை அது நிலுவைதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். புறநானூற்றில் பொன்முடியார் அவரவர் கடமையை வரிசைப்படுத்துகிறார்: பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு. வேந்தன் தரவேண்டியது ‘நன்னடை’ என்பது ஒரு பாடம், ‘தண்ணடை’ என்பது இன்னொரு பாடம். தண்ணடை என்றால் நீர் பாயும் மருதநிலம். அதாவது பிழைப்புக்கு வழி. போரில் மாண்டவர் குடும்பத்துக்கு விட்ட ‘உதிரப்பட்டி’ நிலங்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. புரந்தவன் கண்கலங்கச் சாவதை இரந்தும் பெறலாம் என்கிறது குறளின் படைச்செருக்கு அதிகாரம். கண்ணீருக்கு முன்னால் புரத்தல் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்ன வேலையை இன்னவர் முடிப்பார் என்று ஆராய்ந்து அவரிடம் விடச் சொன்னவரும் வள்ளுவரே. நாமோ ஆராய்வதே இல்லை.

கணக்கைப் பாருங்கள். பதினேழரை வயது நிறைந்து சேரும் அக்னிவீரருக்கு 4 ஆண்டுப் பணி. நால்வரில் ஒருவர்வரைதான் படையில் நீடிக்கலாம். மற்றவர் கையில் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய். வட்டி நீங்கலாக அதில் பாதி அவர் சம்பளத்தில் பிடித்தது. ஓய்வூதியம் இல்லை. 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குச் சென்ற முதல் தரைப்படை அணியின் தவணை 2026 முடிவோடு தீர்கிறது. மத்தியக் காவல் படைகளில் ஒதுக்கீடு உண்டு, அங்கும் துப்பாக்கிதான். தமிழக அரசு 1986-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அது தரும் வேலையிலும் காவலே மிகுதி.

படை இளமையாக இருக்க வேண்டும், ஓய்வூதியச் சுமை குறைய வேண்டும், பிற இளைஞருக்கும் வேலை வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் சிக்கனத்தின் முழு விலையையும் 25 வயதுப் பிள்ளை ஏன் தர வேண்டும்?

வழி கடினமன்று. பனிமலையில் காயத்துக்குக் கட்டுப்போட்ட நர்சிங் அசிஸ்டன்ட், சிக்னல் பிரிவின் ரேடியோ மெக்கானிக், கனரக வண்டி ஓட்டியவர் ஆகியோரின் கைத்திறனுக்கு வெளியே செல்லுபடியாகும் சான்றிதழைப் பணியில் இருக்கும்போதே தர வேண்டும். அந்தச் சான்றிதழை மதிப்பது அரசோடு நிற்கும் கடமையன்று; ஆள் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்று பள்ளியிலேயே படித்தோம். டிசம்பர் 7 கொடிநாளில் சட்டையில் கொடி குத்திக்கொள்ளும் முதலாளி, மறுநாள் தம் மேசைக்கு வரும் முன்னாள் படைவீரரின் விண்ணப்பத்தைக் காவலாளிப் பட்டியலில் சேர்க்குமுன் ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும்.