டத்தாரானில் யாருக்கு இடம்?

"லீவு நாள்ல டத்தாரான் மெர்டேக்கா பக்கம் போகாதீங்க, எங்க பாத்தாலும் வெளிநாட்டுக்காரனுங்கதான்." மெர்டேக்கா வார இறுதி நெருங்கினால் நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு எழும். கூட்டமே பிடிக்காது என்பவரோடு எனக்கு வழக்கில்லை. மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்தின் படியேறும்போதே எனக்கும் பாதி உற்சாகம் போய்விடும். ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் லட்சக்கணக்கில் நெருக்கிக்கொண்டு நிற்கும் நாம்தானே இதைச் சொல்கிறோம்? அங்கே முட்டாத மூச்சு இங்கே முட்டுகிறதென்றால், பிரச்சினை கூட்டம் அல்ல.

1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய திடல் அது. அதற்கு முன்பு சிலாங்கூர் கிளப்காரர்கள் கிரிக்கெட் ஆடிய புல்வெளி. 1884இல் தொடங்கிய அந்தக் கிளப்பில் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் துரைமார்களும்தான். தோட்டத்திலிருந்து வந்த நம் தாத்தாக்கள் அங்கே கால்நீட்டி உட்கார்ந்திருக்க முடியுமா என்ன? 2012 ஏப்ரலில், பெர்சே பேரணிக்கு வந்த குடிமக்களையே முள்கம்பி போட்டுத் தடுத்தார்கள். 'இது உன் இடம் இல்லை' என்ற பேச்சு அந்தப் புல்லுக்குப் பழக்கமானது.

"சுதந்திர தினம் குடிமக்களுக்குத்தானே?" என்று கேட்கலாம். நியாயம்தான். வங்காளதேசத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு அந்த நாள் வரலாறு அல்ல, வேலை இல்லாத நாள். ஆனால் அந்த நாளில் அவர் எங்கே போவார்? பேரங்காடியில் உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும். விடுதியில் நெருக்கியடித்துப் படுக்கத்தான் இடம். டத்தாரான் மட்டும்தான் காசு கேட்பதில்லை. நான் அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம்கூடப் போய்க்கொள்வேன். அவரால் முடியாது. அடையாள அட்டையைக் காட்டி நான் முந்திக்கொள்ளலாம். தேவையைப் பார்த்தால் அவர்தான் முதலில் நிற்கிறார். பொது இடத்தில் இந்த இரண்டாவது கணக்கே செல்லுபடியாக வேண்டும் என்பது என் கட்சி. அன்றைக்கு நிழல் கிடைக்காமல் வெயிலில் நிற்கும்போது இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

அப்படி நின்ற ஒரு மதியத்தில், "பாங், போட்டோ?" என்று ஒருவர் கைப்பேசியை நீட்டினார். கொடிக்கம்பம் ஏறத்தாழ 95 மீட்டர். அவரும் அதுவும் ஒரே படத்தில் அடங்கவில்லை. கடைசியில் தரையில் பாதி படுத்துதான் எடுத்தேன். அவர் முகம் இருட்டாக விழுந்திருந்தது. இன்னொன்று எடுக்கட்டுமா என்றேன். கொடி வரை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கம்பம் முழுசாக வந்திருக்கிறது, போதும் என்றார்.