கத்தியும் கருணையும்

யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிறுநாய்களுள் சில, பிறவியிலேயே ஒரு கோளாறுடன் பிறக்கின்றன. குடலிலிருந்து வரும் குருதி கல்லீரலுக்குட் புகாமல், வேறொரு குழாய் வழியே உடலெங்கும் பரவிவிடுகிறது. கல்லீரல் நீக்கவேண்டிய அம்மோனியா மூளையைத் தாக்க, குட்டி உண்டபின் தள்ளாடும், வலிப்பும் காணும்.

மருத்துவர் வயிற்றைக் கீறி, அக்குழாயின்மீது ஒரு வளையத்தைப் பூட்டுகிறார். வளையத்தின் உட்புறம் கேசீன் என்னும் பாற்புரதம். அது ஈரம் உறிஞ்சிப் பருத்து, சில வாரங்களில் வழியை மெல்ல அடைக்கும். ஒரேயடியாக அடைத்தால் குடல் நாளங்களில் அழுத்தம் மிகுந்து உயிருக்கே கேடாகலாம்.

வாயில்லா உயிரைக் கீறுதல் ஹிம்சையன்றோ? தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் பிரமாதமே முதற்காரணம். வாரக்கணக்கில் பொறுத்து வழியடைக்கும் கையில் பிரமாதம் ஏது? அறுவைக்குப் பின்னும் சில நாய்கள் வலிப்பால் இறப்பதுண்டு. அதற்கஞ்சி, துன்பம் தீர ஊசியிட்டுக் கொல்லலாம் என்பாரும் உளர். இரக்கத்தின் பெயரால் கொல்வதை அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மறுக்கிறார். சிந்தாமணியில், அடியுண்டு கிடந்த நாய்க்குச் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தையே செவியில் ஓதினான், சாவை விரைவுபடுத்தவில்லை. அறுவை இயலாதெனில் புலாலின்றிப் பாலுணவும் லாக்டுலோஸ் மருந்துமே பல நாய்களுக்குத் துணையாகும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இவ்வினங்களில் இக்கோளாறு பரம்பரையாய் வருவது. அதனை அறிந்தும், அழகுக்கும் விலைக்குமாக அதே இணையை மீண்டும் சேர்க்கிறார்களே, பிரமாதம் அங்கன்றோ இருக்கிறது? அக்குட்டியை விலைகொடுத்து வாங்கும் நம் வீட்டிலும்?