சங்கு செய்த குற்றமா?

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். காலையில் நாடெங்கும் சுதந்திர தினக் கொடி ஏற்றப்பட்டது. அன்று மாலை பெங்களூரு நகர ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் கைக்கு அகப்பட்ட பையுடன் வந்து குவிந்தனர். அனைவரும் அசாம், மணிப்பூர், நாகாலாந்து முதலிய வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். ஈஜிபுரா, நீலசந்திரா போன்ற பகுதிகளின் நெருக்கமான தெருக்களில் ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டு, காவலாளிகளாகவும் உணவகப் பணியாளர்களாகவும் அழகு நிலையங்களில் வேலை செய்பவர்களாகவும் மாணவர்களாகவும் காலம் கழித்தவர்கள். அன்றிரவே கௌகாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அடுத்த இரண்டு நாட்களும் கூட்டம் குறையவில்லை. சுமார் 3,000 கிலோமீட்டர் பயணம். பலருக்கு உட்கார இடமில்லை. வேலையையும், வரவேண்டிய சம்பளத்தையும், அறைக்குக் கொடுத்த முன்பணத்தையும் விட்டுவிட்டே அவர்கள் கிளம்பினார்கள்.

அவர்களை விரட்டியது எது? ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவார்கள் என்று கைபேசியில் வந்த குறுஞ்செய்தி. அதற்குத் துணையாகச் சில படங்களும் பரவின.

பொய் வெறுங்காற்றில் நிற்பதில்லை. ஊன்றிக்கொள்ள அதற்குக் கையளவு உண்மை வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் அசாமின் கோக்ராஜார் பகுதியில் கலவரம் மூண்டு பலர் மாண்டிருந்தனர். ஆகஸ்டு 11-ஆம் நாள் மும்பை ஆசாத் மைதானத்தில் நடந்த கண்டனக் கூட்டம் வன்முறையில் முடிந்தது. ஆகஸ்டு 14-இல் மைசூரில் திபெத்திய மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். இவை நடந்தவை. ஆனால் இவற்றோடு சேர்ந்து உலவிய படங்களின் கதை வேறு. 2010-இல் திபெத்தியர் வாழும் யூஷூ பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இறந்தவர்களின் உடல்களுக்கு நடுவே துறவிகள் நின்ற படம் ஒன்று உண்டு. மாண்டவர்களுக்கு இறுதிக் கடன் செய்ய வந்த அத்துறவிகளையே கொலைகாரர்களாகக் காட்டி, இது மியான்மரில் முஸ்லிம்களுக்கு நேர்ந்த கொடுமை என்று எழுதிப் பரப்பினார்கள். படத்தில் ஒரு கோடுகூட மாற்றப்படவில்லை. அடியில் இருந்த வாக்கியம் மட்டும் மாறியது. கருணை கொலையாகத் தோன்ற அதுவே போதுமானதாயிற்று.

ரம்ஜான் வந்தது, சென்றது. செய்தி மிரட்டிய தாக்குதல் பெங்களூரில் நடக்கவில்லை. பல அமைப்பினர் ரயில் நிலையத்திற்கே சென்று, போகவேண்டாம் என்று வேண்டிக்கொண்டனர். அவர்களுள் இஸ்லாமியப் பெரியவர்களும் இருந்தனர். சில வாரங்களில் பலர் திரும்பி வந்தனர்.

இங்கே ஆன்மிக சாதகன் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அச்செய்தியை ஒவ்வொருவருக்கும் கொண்டுவந்தது யார்? முகம் தெரியாத பகைவன் அல்லன். அண்ணன் தம்பிக்கு அனுப்பினான். தாய் ஊரிலிருந்து அழைத்து, 'உடனே கிளம்பி வா' என்று அழுதாள். தோழி தோழிக்குச் சொன்னாள். அன்பே அந்தச் செய்திக்கு வாகனமாயிற்று.

நமது தரிசனங்களில் அறிவைத் தரும் கருவிகளைப் பிரமாணங்கள் என்பர். கண்ணால் காண்பது பிரத்தியட்சம். காரணம் கொண்டு ஊகிப்பது அனுமானம். பிறர் சொல்லக் கேட்டு அறிவது சப்தம். மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பகுதி கேள்வியால் வந்ததே. தன் பிறந்த நாளையும் பெற்றோரையும்கூட அவன் சொல்லக் கேட்டுத்தான் அறிகிறான். ஆகவே கேட்டதை நம்புவது பேதைமை அன்று. ஆனால் சொல்பவன் ஆப்தனாக இருக்கவேண்டும் என்று நியாய சாத்திரம் நிபந்தனை விதிக்கிறது. ஆப்தன் யார்? பொருளைத் தானே உள்ளபடி அறிந்தவன். அறிந்தபடியே சொல்ல விரும்புபவன். முனிவருக்கும் சான்றோருக்கும் அயல்நாட்டாருக்கும் இந்த இலக்கணம் பொதுவானது என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் எழுதியிருக்கிறார். குலமோ மதமோ கைபேசியில் தெரியும் பெயரோ ஒருவனை ஆப்தன் ஆக்குவதில்லை.

ஈஜிபுராவுக்கு வந்த செய்தியை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். படத்துக்குப் பொய் வாக்கியம் எழுதியவன் உண்மையை அறிந்தவன். உள்ளபடி சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. அதை அனுப்பிய அக்காளுக்கோ தம்பிக்கு நன்மை செய்யும் எண்ணம் நிறைய உண்டு. நடந்ததை அவள் அறியாள். ஒருவனது அறிவும் மற்றவளது அன்பும் இடையில் கைமாறிக் கலந்தபோது வதந்திக்கு உயிர் வந்தது. அக்காள் முன்வராவிடில் முதலாமவனின் பொய் அவனது கைபேசியிலேயே கிடந்து மடிந்திருக்கும்.

கண்ணில் பட்டதும் பலர் வாயில் வந்ததும் உண்மை என்று கொள்ளும் பழக்கம் நேற்று வந்ததன்று. இலக்குவன் சீதையைச் சுற்றிக் கோடு கிழித்தான் என்பது இன்று பாரதத்தில் குழந்தைக்கும் தெரியும். வால்மீகியில் அக்கோடு இல்லை; கம்பரிலும் இல்லை. பிற்காலக் கதைகளில் தோன்றியது அது. 1987 ஜனவரி முதல் ஞாயிறுதோறும் தூரதர்ஷனில் 'ராமாயண்' தொடர் வந்தபோது, மக்கள் குளித்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு அமர்ந்து கண்ட காட்சிகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. அதனால் எவருக்கும் தீங்கில்லை. கதை வளர்வது இந்நாட்டில் பக்தியின் ஒரு வழி. அதைப் பழிக்க வேண்டியதில்லை. கண்டது, மூலத்தைக் கேளாமலே மனத்தில் மூலமாகி அமர்ந்துவிடுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

அத்தகைய மற்றொரு காட்சி துரோணரின் முடிவு. மாளவ மன்னனின் யானை ஒன்றுக்கும் அசுவத்தாமன் என்று பெயர். பீமன் அதைக் கொன்று, அசுவத்தாமன் மாண்டான் என்று கூவினான். துரோணர் உடனே நம்பிவிடவில்லை. அவர் செய்தது இன்றைக்கும் பாடமாக வைக்கத்தக்கது: பொய்யே உரையாத ஒருவரைத் தேடி, தருமபுத்திரரிடம் கேட்டார். ஆப்தனிடம்தான் கேட்டார். தருமர், அசுவத்தாமன் இறந்தான் என்றார். யானை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சொல் காதில் விழாதபடி கண்ணன் பாஞ்சசன்னியத்தை முழக்கினான் என்பதுதான் மக்கள் அறிந்த கதை. வியாச பாரதத்தில் சங்கு இல்லை. தருமரே அச்சொல்லைத் தெளிவில்லாமல் உரைத்தார் என்றே இருக்கிறது.

இது சிறிய வேறுபாடு அன்று. சங்கு இருந்தால் பழி சங்கின் மீது விழுகிறது. தருமர் முழு உண்மையைச் சொன்னவர் ஆகிவிடுகிறார். வியாசர் அந்த வசதியைத் தரவில்லை. பாதிச் சொல்லை அமுக்கியது எந்த வாத்தியமும் அன்று, தருமரின் நாவே. அதுவரை நிலத்திற்கு நான்கு விரற்கடை மேலே ஓடிய அவரது தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது.

சங்கு இன்று பல வடிவம் எடுத்திருக்கிறது. 2012 ஆகஸ்டு 17-இல் மத்திய அரசு, ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பமுடியாதபடி 15 நாட்களுக்குத் தடை விதித்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமும் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே முறையில் அனுப்ப இயலாதபடி வரையறுத்தது. தேவையான ஏற்பாடுகளே. ஆயினும் ஐந்து பேருக்கு அனுப்ப வழி திறந்தே இருக்கிறது. அந்த ஐவரும் அனுப்புபவனை நம்புகிறவர்கள்.

2018-இல் வரையறை வந்ததன் காரணம் தமிழகத்திலும் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே 9-ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் உறவினருடன் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில் வழி விசாரிக்க வண்டி நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று சில நாட்களாகக் கைபேசிகளில் செய்தி உலவிக்கொண்டிருந்தது. ஊரார் கூடி அடித்தனர், மூதாட்டி மாண்டார். இரண்டு வாரம் கழித்து, பெங்களூரு சாமராஜபேட்டையில் பிழைப்புத் தேடி வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவர் அதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் பரவிய காட்சிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகளைக் காப்பதற்காகத் தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்த விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வருபவர் குழந்தையைத் தூக்கிச் செல்வார். பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார். அந்தப் பின்பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். குருட்சேத்திரத்தில் விழுங்கப்பட்ட யானை இங்கும் விழுங்கப்பட்டது.

குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பது தமிழ்நாட்டில் என்றும் பாட்டிமார் செய்வது. அதைக் குற்றத்தின் அடையாளமாகக் காணும் கண்ணை ஒரு சில நாட்களில் ஊருக்கே மாட்டிவிட முடிந்தது. தட்டானின் சொல்லை ஆராயாமல் கோவலனைக் கொல்லச் செய்த பாண்டியன், பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் நீத்தான். கைபேசியில் செய்தியை அனுப்பியவருக்குத் தம் பிழை தெரியவரும் வாய்ப்பும் இல்லை.

கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் வாக்கின் தவத்தை விளக்குகிறார். பிறர் மனத்தைக் கலங்கச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை ஆகிய நான்கையும் அங்கே கூறுகிறார். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது வாக்குத் தவம் ஆகாது என்பது சங்கரரின் உரை. அக்காளின் செய்தியில் நன்மை நாடும் எண்ணம் இருந்தது, மற்றவை இல்லை. ஆபத்து மெய்யாக இருந்தால் எச்சரிக்க வேண்டாமா என்ற கேள்வி எழும். எச்சரிக்கத்தான் வேண்டும், கேட்டு அறிந்தபின். ஈஜிபுராவில் கேட்பதற்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், எதிரே மளிகைக்கடைக்காரர், பக்கத்து அறைக் குடும்பம், தெருமுனையில் காவலர் என்று பலர் இருந்தனர்.

ஆனால் அந்த இளைஞர்களைக் குறைகூறுவது எளிது. அவர்களோடு ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியவர்களுள் எத்தனை பேர் அதுவரை அவர்களின் பெயரைக் கேட்டிருந்தனர்? பெயர் கேளாத தெருவில், ஆபத்து நாளில் ஒருவன் எந்தக் கதவைத் தட்டுவான்? 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தாயின் குரல்தான் அவனுக்கு அண்டை வீட்டைவிட அருகில் இருந்தது.

தருமரின் பாதிச் சொல் போர்க்களத்தோடு முடியவில்லை. சுவர்க்காரோகண பருவத்தில் அவர் விண்ணுலகம் சேர்ந்ததும் நரகம் காட்டப்படுகிறது. இருளும் துர்நாற்றமும் சூழ்ந்த அவ்விடத்தில் தம்பியரும் திரௌபதியும் வேதனையில் கதறும் குரல் கேட்கிறது. வந்த வழியே திரும்பிவிட அவருக்கு அனுமதி இருந்தது. தம் இருப்பு அவர்களுக்குச் சற்று ஆறுதல் தருகிறது என்று அறிந்து, இங்கேயே இருப்பேன் என்று நின்றுவிட்டார். பிறகு இந்திரன் வந்து, அது வெறும் மாயத் தோற்றம் என்று விளக்குகிறான். துரோணரை அவருடைய மகன் விஷயத்தில் வஞ்சித்ததால், வஞ்சனையாகவே இக்காட்சி உனக்குக் காட்டப்பட்டது என்கிறான். அவன் அதைச் சொல்லும்போது இருளும் கதறலும் அங்கே இல்லை. குளிர்ந்த நறுமணக் காற்று வீசிக்கொண்டிருந்தது.