மேல், உள், வரை

நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்வி பஞ்சாங்கம் கணிப்பவருக்கும் தரவுத்தளத்திலிருந்து கணக்கு எடுப்பவருக்கும் பொதுவானது. முதலாமவர் அதைச் சாஸ்திரத்தின் கேள்வியாகத் தெரிந்தே எடுத்துக்கொள்கிறார். இரண்டாமவர் கணக்கு உதைக்கும்வரை அப்படியொரு கேள்வி இருப்பதையே கவனிப்பதில்லை. இருவரின் காலமும் ஒரே கல்லாவில் வந்து சேரும் ஊர்களில் ஒன்று ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் நெய்யப்படும் பட்டுப்புடவை விற்பது முகூர்த்த நாளைப் பார்த்து. பாவு கொடுத்தது, கூலி போட்டது, தள்ளுபடி கழித்தது எல்லாம் பதிவாவது ஆங்கிலத் தேதியில், இப்போது பெரும்பாலும் கணினியில்.

அந்தப் புடவை மேடையேறும் நேரத்தைக் கல்யாணப் பத்திரிகை எப்படிச் சொல்கிறது என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை முகூர்த்தமென்றால் ‘காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று அச்சாகும். 10.30-க்கு ராகுகாலம் பிறந்துவிடும். அது 12 மணிக்குள். 10.30 என்ற அந்த ஒரு கணம் முகூர்த்தத்துக்கும் சொந்தம், ராகுகாலத்துக்கும் சொந்தம் என்றால் தாலி கட்டும் நேரத்தில் வழக்கு வரும். ‘மேல்’ தொடக்கத்தை வாங்கிக்கொள்கிறது. ‘உள்’ முடிவை அடுத்தவருக்கு விட்டுவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு காலத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், நடுவில் இடைவெளி விழாமலும் நிற்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. தொடக்கம் சேரும், முடிவு சேராது என்று தரவுத்தளப் பாடநூல்கள் நிரலாளருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான்.

அதே ஊரின் கடைப் பலகை வேறு மொழி பேசும். ‘ஜனவரி 1 முதல் 31 வரை தள்ளுபடி.’ படிக்கிற யாருக்கும் இதில் சந்தேகம் இல்லை. 31-ஆம் தேதி இரவு கடை சாத்தும்வரை தள்ளுபடி உண்டு. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியில் இதைப் பிட்வீன் என்ற சொல்லால் அப்படியே கேட்டால் விடை வேறாக வரும். விற்பனை நேரம் மணி, நிமிடத்தோடு பதிவாகியிருக்கிறது. கேள்வியிலோ வெறும் தேதி. கணினி அந்த வெறும் தேதிக்குத் தானாகவே ஒரு நேரத்தை ஒட்டிக்கொள்கிறது: 31-ஆம் தேதி 0 மணி 0 நிமிடம், அதாவது அந்த நாள் பிறந்த கணம். காலை 11 மணிக்கு விற்ற புடவை அந்தக் கணத்துக்குப் பிற்பட்டது என்பதால் கணக்கில் வராது. பொங்கல் விற்பனையின் கடைசி நாள் முழுவதும் அறிக்கையிலிருந்து காணாமல் போகும். பிட்வீன் இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்கிற சொல்தான்; இங்கே முனை என்று அது எடுத்துக்கொண்டது நாளை அல்ல, நாளின் முதல் புள்ளியை.

இதற்குக் கைவைத்தியங்கள் உண்டு. முடிவை இரவு 11 மணி 59 நிமிடம் 59 விநாடி என்று எழுதுவது ஒன்று. விநாடியின் பின்னத்தையும் பதிகிற தளத்தில் அந்தக் கடைசி விநாடிக்குள் விழும் பதிவு தப்பிவிடும். அரிதாகத்தான் நடக்கும், ஆகவே பிடிபடவும் மாட்டாது. ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் கத்தரித்துத் தேதியாக்கி ஒப்பிடுவது இன்னொன்று. விடை சரியாக வரும். ஆனால் நேரத்துக்குப் போட்டுவைத்த அட்டவணைக்குறி பெரும்பாலும் பயன்படாமல் போய்விடும். பெட்டியின் மேலேயே விலைச்சீட்டு இருக்க, ஒவ்வொரு புடவையாக மடிப்புப் பிரித்துப் பார்ப்பதற்குச் சமம். சரியான கேள்வி பத்திரிகை நடையில் இருக்கிறது: ஜனவரி 1-க்கு மேல், பிப்ரவரி 1-க்குள். இதில் மாதத்துக்கு 28 நாளா 31 நாளா என்று நினைவு வைத்துக்கொள்ளவும் தேவையில்லை.

பிழையின் வேர் மொழியில் இல்லை, நாள் என்றால் என்ன என்பதில் இருக்கிறது. பேச்சில் நாள் ஒரு நீளம். கணினிக்குக் கொடுக்கும்போது அது புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. ‘வரை’ என்ற சொல்லுக்குத் தமிழில் எல்லை, கோடு, மலை என்று பல பொருள். அகப்பொருள் இலக்கணத்தில் வரைவு என்றால் திருமணமே. எல்லை போடுவது என்றாலும் அந்த எல்லைக்கோடு எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. கேட்பவர் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. இயந்திரத்திடம் அந்த நம்பிக்கை செல்லாது.

நாளை எண்ணும் முறையிலும் இதே சிக்கல். செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டு நாள் என்பது ஊர்க் கணக்கு. ஒரு தேதியிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது ஏழு. இறப்பு 1-ஆம் தேதி என்றால் பதினாறாம் நாள் காரியம் 16-ஆம் தேதி. இறந்த நாளே முதல் நாள். கழித்தலோ 15 என்கிறது. 1-ஆம் தேதி பாவு வாங்கி 16-ஆம் தேதி புடவையை அறுத்துக் கொடுத்த நெசவாளர், தறியில் பதினாறு நாள் உட்கார்ந்ததாகச் சொன்னால் அது பொய் இல்லை. அவர் எண்ணுவது உழைத்த நாட்களை. இயந்திரம் எண்ணுவது அவற்றுக்கு நடுவே கடந்த நள்ளிரவுகளை. கூலிக் கணக்குக்கு எது வேண்டும் என்பதை இயந்திரம் தீர்மானிக்க முடியாது.

நள்ளிரவு என்ற எல்லையும் இயற்கை கொடுத்ததல்ல. பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது சூரிய உதயம் முதல் மறு உதயம்வரை, 60 நாழிகை. திங்கள் இரவு 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் செவ்வாய் என்கிறது. ஜாதகம் திங்கள் என்கிறது. ‘திங்கட்கிழமை ராத்திரி, விடிந்தால் செவ்வாய்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இரண்டு கணக்கையும் ஒரே வாக்கியத்தில் பதிந்துவைக்கும் ஏற்பாடு. சோதிட சித்தாந்தத்துக்குள்ளேயே இதில் ஒருமை இல்லை. ஆரியபடர் ஒரு முறையில் நாளை உதயத்திலிருந்தும் இன்னொரு முறையில் நள்ளிரவிலிருந்தும் தொடங்கினார். இரண்டும் தனித்தனி மரபுகளாகவே வளர்ந்தன. கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 17-க்கும் 18-க்கும் இடைப்பட்ட நள்ளிரவா, 18-ஆம் தேதி உதயமா என்பது எந்த மரபு என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. பல தளங்கள் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசி-யில் சேமிக்கின்றன; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். டொரன்டோவில் குளிர்கால வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒருவர் ஆரணிப் புடவைக்கு இணையத்தில் பணம் கட்டினால், ஆரணியில் அப்போது சனிக்கிழமை விடியற்காலை 4.30. சேமிப்பில் வெள்ளி இரவு 11 மணி. கணக்கெடுப்பவர் இந்திய நேரத்துக்கு மாற்றாமல் தேதிவாரியாகக் கூட்டினால் அது வெள்ளிக்கிழமை விற்பனையாகிவிடும். புடவை விற்ற நெசவாளர் சொசைட்டியின் கணக்குக்கு இது தவறு. பஞ்சாங்கத்துக்கோ இதுதான் சரி. சூரியன் இன்னும் உதிக்காததால் அங்கே இன்னும் வெள்ளிதான். யூடிசி நாள் பிறப்பது இந்திய நேரம் காலை 5.30-க்கு. ஆரணியில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 5.45-க்கும் 6.40-க்கும் இடையில். நிரலாளரின் கவனக்குறைவு, தன்னை அறியாமலே அவரைப் பாட்டன் காலத்து நாளுக்கு ஏறக்குறையக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

மாதப் பிறப்பு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குள் நுழையும் கணம் சங்கராந்தி. கணத்தில் எல்லாருக்கும் உடன்பாடு இருந்தாலும், அது எந்த நாளின் கணக்கில் சேரும் என்பதில் இல்லை. தமிழ்நாட்டில் அஸ்தமனத்துக்குள் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும், பின்னால் என்றால் மறுநாள். கேரளத்தில் எல்லை உதயத்திலிருந்து 18 நாழிகை, அதாவது பகல் ஒன்றேகால் மணிவாக்கு. ஒடிசாவில் எந்த நேரமானாலும் அன்றே. வங்காளத்தில் நள்ளிரவுக்குள் என்றால் மறுநாள், தாண்டினால் அதற்கும் அடுத்த நாள். ஒரே பதிவின்மேல் நான்கு கேள்விகள். சில ஆண்டுகளில் தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் விஷு வருவதற்குக் காரணம் வானத்தில் இல்லை, இந்த 18 நாழிகையில் இருக்கிறது. மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் முன்னால் இருந்த வேலையில் ஒரு பகுதி இப்படிப்பட்ட எல்லைத் தகராறுகள்தான். அதன் பரிந்துரைப்படி தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. தறி வீடுகளில் அதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

திதிக்கு வந்தால் சமயக் கேள்வி கூர்மையாகிறது. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. அது சுமார் 20 மணியும் ஆகலாம், 26 மணியைத் தாண்டியும் போகலாம். நாளோடு ஒட்டி ஓடாது. அப்படியானால் தகப்பனாரின் திதி எந்த நாளில்? உதயத்தில் இருக்கும் திதியே அந்த நாளின் திதி என்பது பொது விதி. ஆனால் விரதங்கள் அந்த விடையோடு திருப்தி அடைவதில்லை. பிரதோஷம், அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்கிறதா என்று கேட்கிறது. சிவராத்திரி நள்ளிரவில் சதுர்த்தசியைத் தேடுகிறது. வைணவ ஏகாதசிக்கு உதயத்துக்கு 4 நாழிகை முன்பே தசமி விலகியிருக்க வேண்டும். அதனால்தான் சில மாதங்களில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இரண்டு நாளில் பட்டினி கிடக்கின்றன. சிராத்தம் பார்ப்பது அபராஹ்ணத்தை. பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது கூறு அது. பகல் சரியாக ஆறு முதல் ஆறு என்று கொண்டால் 1.12-க்கு மேல் 3.36-க்குள். திதி இரண்டு நாளின் அபராஹ்ணத்தையும் தொட்டால், எதில் அதிக நேரம் இருக்கிறதோ அந்த நாளைக் கொள்வது பொதுவான வழக்கு.

இதைத் தரவுத்தள மொழியில் எழுதினால் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. திதியின் தொடக்கம் அபராஹ்ணத்தின் முடிவுக்கு முன்னால், திதியின் முடிவு அபராஹ்ணத்தின் தொடக்கத்துக்குப் பின்னால்: இரண்டு காலத்துண்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதற்கு இந்த இரண்டு ஒப்பீடு போதும். பிறகு தொடும் நீளத்தைக் கணக்கிட்டு, பெரியதை மேலே வைத்து, முதல் வரியை எடுத்துக்கொள்வது. விதியை வகுத்தவர்கள், திதியின் உண்மையான நாள் எது என்று கேட்கவேயில்லை. எந்தக் காரியத்துக்கு என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். பஞ்சாங்கங்கள் முரண்படுவதைக் காட்டி அவை பொய் என்பவர்கள் கவனிக்காத இடம் இது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் முரண்படுவது வேறு, அது கணிப்பின் வேறுபாடு. ஒரே பஞ்சாங்கத்தில் ஒரே திதிக்கு இரண்டு நாள் இருப்பது முரண்பாடே அல்ல; இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடை.

எல்லைகள் மனிதர் போட்டவை என்றால் காலம் எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. வைசேடிகருக்குக் காலம் ஒன்பது திரவியங்களில் ஒன்று; ஒன்றே, நித்தியம், எங்கும் பரந்தது. நேற்று இன்று என்ற பிளவெல்லாம் சூரியனின் அசைவு போன்ற உபாதிகளால், அதாவது வெளியிலிருந்து ஒட்டும் வரையறைகளால், வருவது. யூடிசி-யில் சேமித்து, காட்டும்போது மட்டும் ஊர் நேரமாக்கும் ஏற்பாடு ஏறக்குறைய இந்தக் கொள்கைதான்: உள்ளே பிளவற்ற ஒரே எண், வெளியே உபாதி. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிக்கொண்டு போகும் யூனிக்ஸ் நேரமும், கலி தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணும் அகர்கணமும் ஒரே வகை. சைவ சித்தாந்தம் இதை ஏற்காது. அதற்குக் காலம் நித்தியப் பொருள் அல்ல. அசுத்த மாயையில் தோன்றும் வித்தியா தத்துவம் ஏழில் ஒன்று, சடம், உயிரின் நுகர்ச்சிக்கு எல்லை வகுத்துக் கொடுப்பது அதன் தொழில். தரவுத்தளத்தோடு பழகியவருக்கு இரண்டாவது நெருக்கமாகப் படவேண்டும். உள்ளே இருக்கும் பிளவற்ற எண்ணை யாரும் நுகர்வதில்லை. கூலியும் தள்ளுபடியும் திதியும் எல்லை போட்ட பிறகே கிடைக்கின்றன.

போட்ட எல்லை பின்னாளில் மாறவும் செய்யும். இந்திய நேரம் 1906 ஜனவரி 1-இல் 82.5 பாகைக் கோட்டுக்கு வந்தது. அதற்கு முன் ரயிலும் தந்தியும் மதராஸ் நேரத்தில் ஓடின. ஆரணி அந்தக் கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 79.3 பாகையில் இருப்பதால், கடிகாரம் 12 காட்டும்போது சூரியக் கணக்கில் உச்சிக்குச் சுமார் 13 நிமிடம் பாக்கி. ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துப் போட்ட ராகுகால அட்டவணையை நம்புபவர்கள் இதை யோசிப்பதில்லை. அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. உலகப்போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15-க்குள் இந்தியாவின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கப்பட்டிருந்தன. கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் கொல்கத்தா என்ற பெயரின்கீழ் இது பதிவாகியிருக்கிறது. கேட்டால் சரியாகக் கழித்துத் தரும். லக்கினம் சுமார் இரண்டு மணிக்கு ஒரு ராசி நகரும். அந்த மூன்று வருடத்தில் பிறந்தவரின் ஜாதகம் வீட்டில் இருந்தால், அதில் எழுதியிருப்பது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.