பேரிடரும் வினைக்கொள்கையும்

திருச்சிற்றம்பலம்

மெய்யன்பர்காள்!

உயிர்கட்கு வரும் துன்பத்தைத் தன்னைப் பற்றி வருவது, பிறவுயிரைப் பற்றி வருவது, தெய்வத்தைப் பற்றி வருவது என மூவகைப்படுத்து ஓதுதல் பெரியோர் வழக்கு. இவற்றுள் எதுவும் வினைப்பயனின் நீங்கியதன்று என்பது நம் சித்தாந்தத் துணிபு. இத்துணிபின்கண் சைவர் எவர்க்கும் ஐயமில்லை. ஐயம் நிகழ்வது வேறோரிடத்து. நிலம் நடுங்கியோ கடல் பொங்கியோ ஒரே நாளில் பல்லாயிரவர் மாண்டவழி, எஞ்சி நின்று அழுவார் முன்னர்ச் சென்று, இஃது இன்னார் செய்த இன்ன தீவினையின் பயன் எனச் சுட்டியுரைக்க நமக்கு உரிமை உண்டோ? அதுவே ஈண்டு ஆராயப்படுவது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், மார்கழி நிறைமதி கூடிய ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில், சுமாத்திராத் தீவின் மேல்கரையை அடுத்துக் கடலடி நிலம் பிளந்தது. அப்பிளவு வடக்கே அந்தமான் தீவுகளின் பக்கமாக ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழித்துச் சோழமண்டலக் கரையை எய்திற்று. நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பல நாடுகளிலும் இறந்தார் தொகை 2,00,000-க்கு மேற்பட்டது. மீன் பிடித்து உயிர் வாழ்ந்த எளியவரும், வேளாங்கண்ணிக்கு வழிபட வந்தவரும், மணலில் ஆடிய சிறாரும், தாய்ப்பால் உண்ணும் குழவியரும் அதில் வேறுபாடின்றி மடிந்தனர்.

அக்காலத்துச் சிலர், உயிர்க்கொலைத் தொழிலின் பயன் இது என்றனர். சிலர், பிற சமயத்தவர் மேல் பழி வைத்தனர். வேறு சிலர், எம் கோயிலைக் கடல் தீண்டிற்றில்லை எனப் பெருமை பேசினர். அக்கோயிலின் நிழலிலே வாழ்ந்து மகவைப் பறிகொடுத்த தாயின் செவியில் அப்பெருமை எவ்வாறு பட்டிருக்கும் என்பதை அவர் எண்ணினாரல்லர்.

இவ்வழக்கு நம் நாட்டிற்கே உரியதும் அன்று. 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிசுபன் நகர் நிலநடுக்கத்தால் இடிந்தது. அது கிறித்துவர் புனிதர் அனைவரையும் போற்றும் திருநாள். காலை வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர் மேலேயே கோயில்கள் வீழ்ந்தன. பின்னர்க் கடல் பொங்கிற்று, தீயும் பரவிற்று. மலகிரிதா என்னும் பாதிரியார், இது நகரத்தாரின் பாவத்திற்குத் தண்டனை என நூல் எழுதினார். புராட்டசுட்டாந்தப் போதகரோ, கத்தோலிக்கரின் பிழையே காரணம் என்றனர். நிகழ்ச்சி ஒன்று, அதிற் கண்ட குற்றவாளிகள் பலர். கண்டவர் எவரும் தம்மைக் குற்றவாளியாகக் காணாமை நோக்கத்தக்கது.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரும் நேபாளமும் நடுங்கியபோது, தீண்டாமை ஒழிப்புச் சுற்றுச்செலவில் தென்னாட்டிலிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் அம்மாதம் 24-ஆம் நாள், அதனைத் தீண்டாமைப் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என உரைத்தார். இரவீந்திரநாத தாகூர் அதனை மறுத்தார். பூதநிகழ்ச்சிக்குப் பூதங்களின் சேர்க்கையே காரணமாம் என்றும், இவ்வகை வாதத்தை அடிகளின் எதிரிகளே அவர்மேல் எளிதிற் திருப்பலாம் என்றும் அவர் கூறினார். தீண்டாமை தீவினையே என்பதில் தடையில்லை. ஆயின் அதனைத் தீவினையென நிறுவ நிலநடுக்கம் சான்றாக வேண்டுவதன்று. தீண்டாமை செய்தாரும், அதனால் வருந்தினாரும் ஒரே சுவரின் கீழ் மாண்ட இடத்துத் தண்டனை யாருக்கு என்க.

இனி நம் சித்தாந்தம் இதற்கு என்ன கூறும் எனின், காட்டுதும். எக்காரியத்திற்கும் முதல், துணை, நிமித்தம் எனக் காரணம் மூன்று. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணன். நிலப்பாளங்கள் ஒன்றன்கீழ் ஒன்று புகுதலால் நிலம் நடுங்கிற்று என்பார் மாயையின் காரியத்தைப் பேசுகின்றார். அதனால் நிமித்தகாரணனுக்கு இழுக்கொன்றும் இல்லை. தாகூர் கூறியதை ஏற்றலால் சைவர்க்கு வரும் நட்டம் யாதுமில்லை.

வினையோ சடம். தானே சென்று பயனை ஊட்டாது. இவ்வுயிர்க்கு இவ்வினை, இக்காலத்து, இவ்வாயிலாக எனக் கூட்டுவிப்பவன் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. உயிரோ அறிவித்தால் அறியும் சிற்றறிவினது. தன் சஞ்சிதத்தின் அளவையே அறியாதான், ஆறாயிரவர் சஞ்சிதத்தை அறிந்தான் போலப் பேசுவது எதனால்? ஆணவத்தால் என்க. இறைவன் திருவுள்ளத்தைத் தான் கண்டதாகச் சொல்லும் அச்சொல்லே அம்மலத்தின் செயல். அதனாற் கேட்போர் உள்ளம் புண்படுதலின், அது சொல்லுவார்க்குப் புதிய ஆகாமியமும் ஆகும்.

அற்றேல், வையை பெருகியது பாண்டியன் மணிவாசகரை ஒறுத்தமையால் அன்றோ எனத் தடை நிகழ்த்துவார் உளர். அதற்கு விடை: அவ்வெள்ளத்தின் காரணத்தை மதுரை மாந்தர் ஊகித்துக் கூறினாரல்லர், இறைவன் தானே உணர்த்த அரசன் உணர்ந்தான். அன்றியும், அவ்வெள்ளத்தில் இறைவன் நின்ற இடம் யாது? கரைமேல் நின்று குற்றம் எண்ணினானல்லன். துணையற்ற வந்தியின் கூலியாளாய்க் கூடை சுமந்து மண் கொட்டினான். அவன் மேற்பட்ட பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது. ஒருவன் பட்ட அடி அனைவர்க்கும் நோவதாகும் என்பதே அத்திருவிளையாடல் நமக்கு வைத்த பாடம்.

திருவீழிமிழலையை நினைமின். மழை பொய்த்துப் பஞ்சம் வந்துற்ற காலத்து, ஆளுடைய பிள்ளையாரும் அரசும் அங்கிருந்தனர். இப்பஞ்சம் யார் வினையால் வந்தது என இருவரும் ஆராய்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். அடியார் வாடுகின்றனரே எனக் கவன்றனர் என்றே கூறினார். இறைவனும் காரணம் அறிவித்தானல்லன்; நாடோறும் படிக்காசு அளித்தான். பிள்ளையார் பெற்ற காசில் வாசி இருந்தமையின், கடையில் மாற்றுதற்குக் காலம் தாழ்ந்து, அவர் மடத்தில் அடியார்க்கு அமுது செய்வித்தலும் தாழ்ந்தது. அத்தாழ்வு பொறாது அவர் பதிகம் பாடி வாசி நீங்கிய காசு பெற்றார். பசித்தார் இலைக்கு உணவு சிறிது தாழ்ந்ததும் பதிகத்திற்குப் பொருளாயிற்று. பஞ்சத்தின் காரணமோ பொருளாயிற்றில்லை. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அவரவர் வினையை அவரவர் நுகர்க என விட்டுவிடலாமே எனின், ஆகாது. துன்புறுவானிடத்து வினையைக் கூட்டிய இறைவனே, அவன் அருகே நம்மையும் நம் கையையும் கூட்டினான். அக்கை நீளாதாயின், அது நமக்கு வினையாம். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் தன் செயலைத் திருத்தற்கும் உரிய கண்ணாடி. அதனைப் பிறர் முகத்திற்கு நேரே பிடித்தல் முறையன்று. சங்காரமும் உயிர்களின் இளைப்பு நீங்குதற் பொருட்டே என்பதும் மெய்யே. எனினும் அது மகவை இழந்தாள் கேளாதிருக்கையில் நாமாகச் சென்று கூறும் ஆறுதல் அன்று.

உலகின் ஒழுங்கை ஆராய்தலும் இத்தொண்டின் பாற்பட்டது. சுமாத்திராவில் நிலம் பிளந்ததற்கும் நாகையில் அலை புகுந்ததற்கும் இடையே ஐந்து நாழிகைக்கு மேல் இருந்தது. அச்செய்தியைக் கரையிலுள்ளார்க்கு உரைப்பார் இலராயினர். 2007-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நிலையம் அமைந்தது. அந்நிலையத்தில் விழித்திருந்து கடலை நோக்குவானும், வீழிமிழலையில் அமுது அட்டவனும் ஒரு தொண்டின் இரு கூறு செய்வோரே.

ஆதலின் அன்பர்காள், பேரிடர் நேர்ந்துழி நம் திருமடங்களின் அடுப்பு முதலில் எரிக, வாயில் திறந்திருக்க. வந்தார் இன்ன சாதி, இன்ன சமயம் என வினவாது இலை இடுக. அவர் அழுதால் செவி கொடுக்க. பின்னொரு நாள் அவரே, எமக்கு ஏன் இது வந்தது என வினவின், அருகிருந்து, நம் சிற்றறிவின் எல்லையை முதற்கண் சொல்லி, இறைவன் கைவிடான் என்பதை அடுத்துச் சொல்லுக. வினவாதவழி, திருவைந்தெழுத்தை நெஞ்சினுள் எண்ணிப் பணியே செய்க.

திருச்சிற்றம்பலம்