பெயர் எழுதிய பொதி



வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். கதவோரம் ஒரு பார்சல் கிடக்கிறது. வீட்டில் யாரும் எதையும் வாங்கியதாக நினைவில்லை. எடுத்துப் பார்த்தால், வீட்டு எண் உங்களுடையதைப் போலத்தான் இருக்கிறது. பெயர் மட்டும் வேறு. என்ன செய்வீர்கள்?

நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் இப்படி நடப்பதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நான்கு என்பது சீனர்களுக்கு ஆகாத எண். அதனால் பல அடுக்குமாடிகளில் மூன்றாம் மாடிக்கு அடுத்தது '3ஏ'. அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு மூன்றும் மூன்று-ஏயும் ஒன்றாகவே தெரியும். சாலைகளுக்கோ இரண்டிரண்டு பெயர். பலகையில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி. நம் வாயில் இன்னமும் கிரீன் லேன். பலகையில் ஜாலான் சுல்தான் அகமட் ஷா. பழைய ஆட்களுக்கு அது நார்தம் ரோடு. போதாக்குறைக்கு ஒரே புளோக்கில் இரண்டு லெட்சுமி, மூன்று முனியாண்டி இருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் மோட்டார்சைக்கிளில் பார்சல்களைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்குக் கதவு மாறிப்போவதில் வியப்பில்லை.

அந்தத் தவறு அவரோடு முடிந்துவிடும். பார்சலை நாம் கையில் எடுத்த பிறகு நடப்பதெல்லாம் நம் கணக்கு.

அப்போதுதான் மனம் பேச ஆரம்பிக்கும். 'நானா கேட்டேன்? தானாக வந்தது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது.' வேறொரு குரல், 'அனுப்பியது பெரிய கம்பெனி. அவனுக்கு இதெல்லாம் ஒரு நட்டமா?' என்று கேட்கும். திருட வேண்டும் என்று நினைத்து யாரும் அந்தப் பெட்டியைப் பிரிப்பதில்லை. இப்படி இரண்டு நியாயம் கிடைத்துவிட்டால் போதும், கத்தரிக்கோல் தானாகக் கைக்கு வந்துவிடும்.

சிலப்பதிகாரத்தில், இந்திரவிழாவைச் சொல்லும் பகுதியில், புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைப் பற்றி இளங்கோவடிகள் பாடுகிறார். அவற்றில் ஒன்று வெள்ளிடை மன்றம். வெளியூர்களிலிருந்து வந்த வணிகர்களின் பொதிகள் அங்கே திறந்தவெளியில் கிடக்கும். கதவில்லை, தாழில்லை, காவலுக்கு ஆளில்லை. பொதியின் மேல் உரியவரின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் பொறித்திருக்கும். எவனாவது திருட நினைத்துத் தூக்கினால், கழுத்துக் கடுக்கக் கடுக்க அந்தச் சுமையோடு அவன் அங்கேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். வெளியே கொண்டுபோக முடியாது.

காவல் இல்லாத அந்த இடத்தில் பொதியின் மேலிருந்த எழுத்துத்தான் காவல். நம் அடுக்குமாடி நடைவழியில் கிடக்கும் பார்சலுக்கும் அந்த ஒட்டுத்தாளில் உள்ள பெயரை விட்டால் வேறு காவல் கிடையாது.

பொதியின் மேலுள்ள எழுத்தை மதிப்பது பினாங்குக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய நாள்முதல் சரக்கு இறக்கி, சரக்கு ஏற்றி வளர்ந்த ஊர் இது. நம் பாட்டன் பூட்டன் பலர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கணக்கெழுதிய கிராணிகள். மூட்டையில் இருக்கும் குறியைப் பார்த்து உரிய கிடங்கில் சேர்ப்பதுதான் அந்த வேலையின் அடிப்படை. குறி ஒருவருக்கு, சரக்கு இன்னொருவருக்கு என்று போனால் வியாபாரமே நடக்காது.

பொருள் உரியவருக்கே என்றுதான் சட்டமும் சொல்கிறது. 1872இல் இந்தியாவில் இயற்றிய ஒப்பந்தச் சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு கடைக்காரர் தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை விட்டுப் போகிறார். வீட்டுக்காரர் அதைத் தன் பொருளாக்கிப் பயன்படுத்திவிடுகிறார். அப்படியானால் அதற்கான விலையை அவர் கொடுத்தே ஆக வேண்டும். அதே எடுத்துக்காட்டு மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும், 71ஆவது பிரிவில், இருக்கிறது. தவறுதலாக வந்த பணத்தையும் பொருளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 73ஆவது பிரிவு இன்னும் நேராகச் சொல்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் யாரோ தவறி அனுப்பிய 200 வெள்ளிக்கும் இதே விதிதான்.

தெரிந்தே, நேர்மையில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டால் விவகாரம் குற்றவியல் பக்கம் போய்விடும். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் விதிக்கலாம். உரியவர் யார் என்று தெரிந்திருந்ததா, முயன்றால் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்பது அங்கே முக்கியமான கேள்வி. சாலையில் கிடக்கும் ஒரு வெள்ளி நோட்டு யாருடையது என்று சொல்ல முடியாது. பார்சலிலோ பெயர், முகவரி, பெரும்பாலும் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. 'யாருடையது என்று தெரியவில்லை' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

சிலர் கேட்கலாம்: 'அமெரிக்காவில் கேட்காமல் அனுப்பிய பொருளை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதாமே?' உண்மைதான். ஆனால் அது வேறு விஷயத்துக்கு வந்த சட்டம். வேண்டுமென்றே நம் பெயருக்குப் பொருளை அனுப்பிவிட்டு, பிறகு பணம் கொடு என்று நெருக்கும் வியாபாரிகளை அடக்க வந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமியின் சேலை வழி தவறி நம் வீட்டுக்கு வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே, நேயர்களே, பார்சல் வந்தால் பிரிப்பதற்கு முன்னால் பெயரைப் படியுங்கள். மீதி எல்லாம் அதைப் பொறுத்தது.

பெயர் வேறொருவருடையதா? பிரிக்க வேண்டாம். தெரிந்தவர் என்றால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். 'அக்கா, உங்க பார்சல் எங்க வீட்டுக்கு வந்துருச்சு' என்றால் முடிந்தது. ஆளைத் தெரியாவிட்டால் அடுக்குமாடி அலுவலகத்திடமோ பார்சல் கம்பெனியிடமோ சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் யாருடைய மருந்தாவது இருக்கலாம், பிள்ளையின் பள்ளிப் புத்தகமாவது இருக்கலாம். பார்சல் காணோம் என்று புகார் போனால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கொண்டுவந்த அந்தப் பிள்ளைதான்.

பெயர் உங்களுடையது, பொருள் மட்டும் மாறி வந்திருக்கிறதா? படம் எடுத்து உடனே விற்றவருக்குத் தெரிவியுங்கள். பொருளைப் பத்திரமாக வையுங்கள், பயன்படுத்தாதீர்கள். நீங்கள் பணம் கட்டிய பொருளைக் கேட்பது உங்கள் உரிமை. விற்றவர் இழுத்தடித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். வழி தெரியாவிட்டால் நம் ஊரிலேயே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் பல்லாண்டு தலைமையேற்று வளர்த்த அமைப்பு அது. போய்க் கேளுங்கள்.

பெயரும் உங்களுடையது, ஆனால் நீங்கள் எதையும் வாங்கவே இல்லையா? அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பொருளைக் கொடுத்துப் பணம் கேட்டால், வீட்டில் எல்லாரையும் விசாரிக்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உள்ளே பரிசுச் சீட்டும் கியூஆர் குறியீடும் இருந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள். 2020இல் அமெரிக்காவில் பல வீடுகளுக்குக் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வந்தன. விற்பனை நடந்ததுபோல் காட்டும் மோசடியாக இருக்கலாம் என்றும், அவற்றை நடவேண்டாம் என்றும் அந்நாட்டு வேளாண்துறை சொன்னது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழையுங்கள்.

நமக்குச் சேர வேண்டிய பொருள் வராவிட்டால் எத்தனை முறை தொலைபேசியில் அழைக்கிறோம்! அதே பொறுப்பு, நமக்குச் சேராத பொருள் வரும்போதும் இருக்க வேண்டும். நம் உரிமையைக் கேட்க 5 வெள்ளி ஆகிறது. அடுத்தவர் பொருளை ஒப்படைக்க ஒரு மாடி ஏறி இறங்கினால் போதும்.

உங்கள் வீட்டு மூலையில் வேறு யாருடைய பெயரோ எழுதிய பார்சல் ஒன்று இருந்தால், இன்று வேலைக்குக் கிளம்பும்போதே அதை உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.