தொட்டதெல்லாம் உறவா?

மரபணுக்களை இயக்கும் புரதங்கள் டிஎன்ஏவில் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதைக் கணினியால் கண்டுபிடிப்பது இன்று சாதாரண வேலை. அந்த முடிவுகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான். சரி, ஒட்டிக்கிச்சு. அதனால என்ன?

காட்டா1 என்றொரு புரதம். சிவப்பணுக்கள் உருவாக அது வேண்டும். டிஎன்ஏவில் ஜி, ஏ, டி, ஏ என்று எழுத்துகள் வரிசையாக வரும் இடத்தைத் தேடிப் பிடிக்கும். பெயரே அப்படி வந்ததுதான். நான்கே எழுத்துள்ள மொழியில் ஒரு நான்கெழுத்துச் சொல் தற்செயலாகவே 256 எழுத்துக்கு ஒருமுறை வந்துவிடும். மனிதருக்கு 300 கோடி எழுத்துகள். கணக்குப் போட்டால் ஒரு கோடியைத் தாண்டும். கணினி அத்தனையையும் அடுக்கிக் காட்டிவிடும். பாவம், அதுக்கு என்ன தெரியும்! வாசர்மேனும் சாண்டலினும் 2004இல் இதற்கு 'வீண்முயற்சித் தேற்றம்' என்றே பெயர் வைத்தார்கள். எழுத்தை மட்டும் பார்த்துக் கணிக்கும் இடங்களில் ஏறக்குறைய எல்லாமே உயிரணுவுக்குள் எந்த வேலையும் செய்யாதவை.

பிறகு, உயிரணுவுக்குள் புரதம் உண்மையாகவே ஒட்டியிருக்கும் இடங்களைப் பிடித்து வாசிக்கும் முறை வந்தது. கேள்வி மட்டும் போகவில்லை. 2012இல் என்கோட் திட்டம் மனித டிஎன்ஏவில் 80 விழுக்காட்டுக்கு ஏதோவொரு உயிர்வேதியியல் செயல்பாடு உண்டு என்று அறிவித்தது. டான் கிரவுர் முதலியோர் மறு ஆண்டே அதைக் காட்டமாக மறுத்தார்கள். நான் கிரவுர் கட்சி. இதயம் துடிக்கையில் சத்தமும்தான் வருகிறது; சத்தம் போடுவது இதயத்தின் வேலையா?

ஆனால் டஃபி மரபணுவைப் பாருங்கள். அதன் முன்பகுதியில் காட்டா1 ஒட்டும் இடம் ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஒரே எழுத்து. காட்டா1 ஒட்ட முடிவதில்லை. சிவப்பணுவில் டஃபி புரதம் உருவாவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் வைவாக்ஸ் மலேரியாக் கிருமிக்குக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது. 1995இல் இது தெரியவந்தது. அந்த இடம் முக்கியமானது என்பதற்கு ஒட்டுதல் சாட்சி இல்லை. ஒட்டாமல் போனதுதான் சாட்சி.

இல்லாமல் போனால் தெரியும், அவ்வளவுதானே என்று இங்கே நிறுத்திக்கொள்ளத் தோன்றும். 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், எலியின் கால் வளர்ச்சிக்குத் துணைபோகும் பத்து டிஎன்ஏ துண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். ஒரு குறையும் தெரியவில்லை. ஒரே மரபணுவுக்கு அருகில் இருந்தவற்றை இரண்டிரண்டாக நீக்கியபோதுதான் கால் அமைப்பில் மாற்றம் தெரிந்தது. ஒன்றின் வேலையை இன்னொன்று சத்தமில்லாமல் தாங்கியிருக்கிறது. அந்தப் பத்தையும் 'வேலையற்றவை' பட்டியலில் எழுத எனக்குக் கை வரவில்லை.